போட்டிக்குப் போகாதவருக்கு நீச்சல் சங்கம் எதற்கு?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு 46 வயது, கோலாலம்பூரில் கணக்காளராகப் பணியாற்றுகிறேன். நாங்கள் குடியிருக்கும் கொண்டோவின் குளத்தில் மூன்று ஆண்டுகளாக வாரத்தில் இரண்டு மூன்று மாலைகள் நீந்தி வருகிறேன். சுமாராகத்தான் நீந்துவேன். ஃபிரீஸ்டைலில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதற்குள் மூச்சு வாங்கிவிடும் என்பதால், பெரும்பாலும் தலையைத் தூக்கியபடி தவளை நீச்சலில்தான் போய் வருகிறேன். அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன் அங்குள்ள ‘யுஎஸ் மாஸ்டர்ஸ் ஸ்விம்மிங்’ என்ற அமைப்பில் சேர்ந்திருக்கிறான்; நானும் இங்கே அதுபோன்ற ஒன்றில் சேர வேண்டும் என்று விடாமல் வற்புறுத்துகிறான். விசாரித்ததில், பெரியவர்களுக்கென்று ஒரு குழு வாரம் இரண்டு நாள் பயிற்சி தருவதாகவும், அதற்கு மாதம் 150 வெள்ளி வாங்குவதாகவும் தெரிந்தது. போட்டியில் கலந்துகொள்ளும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. ‘மின்தூக்கியில் கீழே இறங்கினால் குளம் இருக்கிறது, காசு கொடுத்து வேறு தண்ணீரில் நீந்த வேண்டுமா?’ என்று என் மனைவி கேட்கிறார். சேருவதால் உண்மையில் பயன் உண்டா, ஐயா?
– செந்தூல் வாசகர்

பதில்: உங்கள் துணைவியாரின் கேள்வி மிகவும் நியாயமானது, தண்ணீருக்காக என்றால் அந்த 150 வெள்ளியைக் கொடுக்க வேண்டியதே இல்லை. அந்தப் பணத்துக்கு ஈடாக உங்களுக்குக் கிடைக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, கரையில் நின்று நீங்கள் நீந்துவதைக் கவனித்து, தவறு எங்கே இருக்கிறது என்று சொல்லித் திருத்துகிற ஒரு பயிற்றுநர். அடுத்தது, ஒரு நாள் நீங்கள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கிற நாலு பேர். இவ்விரண்டும் அந்தக் குழுவில் இருக்குமானால், போட்டிப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவராக நீங்கள் இருந்தாலும் தயங்காமல் சேரலாம். உறுப்பினர் அட்டையும் பெயர் பொறித்த சட்டையும் வாட்ஸ்அப் குழுவும்தான் கிடைக்கும் என்றால், கொண்டோ குளமே போதும்.

உங்கள் அக்காள் மகன் சேர்ந்திருக்கும் அமைப்பு தோன்றிய விதத்தைப் பார்த்தாலே இது விளங்கும். அமெரிக்காவில் வயது வந்தவர்களுக்கான முதல் தேசிய நீச்சல் போட்டி 1970ஆம் ஆண்டு மே மாதம் டெக்சஸ் மாநிலத்து அமரில்லோ நகரில் நடைபெற்றது. அதை முன்னின்று தொடங்கி வைத்தவர் ரான்சம் ஆர்தர் என்ற கடற்படை மருத்துவர். படிப்பு முடிந்து, வேலை, குடும்பம் என்று ஆனபின் உடற்பயிற்சியைக் கைவிட்டுவிடுகிறவர்களை மீண்டும் குளத்துக்கு வரவழைக்க அவர்கள் முன்னால் ஓர் இலக்கை வைக்க வேண்டும் என்று அவர் கருதினார். போட்டி என்பது அந்த மருத்துவர் எழுதிக் கொடுத்த ஒரு தூண்டுமருந்து என்றே சொல்லலாம். இன்று அந்த அமைப்பு 18 வயது நிரம்பிய எவரையும் சேர்த்துக்கொள்கிறது. அதன் உறுப்பினர்களில் பெரும்பாலோர் போட்டிகளில் கலந்துகொள்ளாதவர்களே. ஆகவே, ‘நான் போட்டிக்குப் போகப் போவதில்லையே’ என்பது சேராமல் இருப்பதற்கு ஒரு காரணமாகாது.

இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன். பள்ளி நாளிலேயே மாநில அளவில் நீந்தியவரைவிட, உங்களைப் போல் சுமாராக நீந்துகிறவருக்கே இத்தகைய குழு அதிகம் பயன்படும். நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அதனுள் உடலை முன்னே செலுத்தும்போது நாம் செலவிடும் ஆற்றலின் பெரும்பகுதி அதன் எதிர்ப்பைச் சமாளிக்கவே போய்விடுகிறது. எனவே, தெருவில் ஓடுகிறவர் கொஞ்சம் கோணலாக ஓடினாலும் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார். நீரில் கோணலாகக் கிடக்கிறவர் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் இருபது மீட்டரில் களைத்துவிடுவார். பழக்கமில்லாதவர்கள் இதைத் தங்கள் வயதின் குறை என்றோ நுரையீரலின் குறை என்றோ எண்ணி மனம் சோர்ந்துபோகிறார்கள்.

உங்கள் மூச்சு வாங்கலையே எடுத்துக்கொள்வோம். உங்களை நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாதுதான். ஆயினும் தானாகக் கற்றுக்கொண்டவர்களில் பலர் செய்வது ஒன்றுண்டு. முகம் நீருக்குள் இருக்கும்போது அவர்கள் மூச்சை அடக்கி வைத்திருக்கிறார்கள். தலை வெளியே வரும் அந்த ஒரு நொடிக்குள் பழைய மூச்சை விட்டுப் புது மூச்சையும் இழுக்க முயல்கிறார்கள். இரண்டுக்கும் நேரம் போதாது. நெஞ்சுக்குள் கரியமிலவாயு தேங்குகிறது. ‘காற்று போதவில்லை’ என்று உடல் அலறுகிறது. பதற்றத்தில் தலையை இன்னும் மேலே தூக்குகிறார்கள். தலை எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவுக்கு இடுப்பும் கால்களும் கீழே இறங்கும். இறங்கிய கால்கள் நீரைக் கிழிப்பதற்குப் பதிலாகத் தடுத்து நிறுத்தும். அதை ஈடுகட்ட இன்னும் வேகமாகக் கையை வீசுவார்கள். மூச்சு இன்னும் வாங்கும். இந்தச் சுழலில் சிக்கியவர் அதே குளத்தில் இன்னும் மூன்றாண்டுகள் நீந்தினாலும் அப்படியேதான் நீந்துவார், ஏனெனில் தம் இடுப்பு எங்கே கிடக்கிறது என்பதைத் தாமே பார்க்க அவரால் முடியாது. நல்ல பயிற்றுநர் ஒருவர் கரையில் நின்று இரண்டு நடை பார்த்தாலே போதும்: ‘முகம் உள்ளே இருக்கும்போதே மூக்கு வழியாகக் குமிழி விடுங்கள், மூச்செடுக்கத் தலையைத் தூக்காமல் உடலோடு சேர்த்துப் பக்கவாட்டில் திருப்புங்கள், ஒரு கண் தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும்’ என்று சொல்லிவிடுவார். கேட்பதற்கு எளிது. உடல் அதைப் பழகச் சில வாரங்கள் ஆகும், அதற்குள் பலமுறை மறந்தும் போகும். மறக்கும்போதெல்லாம் நினைவூட்ட ஒருவர் இருப்பதற்குத்தான் கட்டணம்.

அடுத்து, பயிற்சி நடக்கும் முறை. கொண்டோ குளத்தில் நீங்கள் ஒரே வேகத்தில் போய்த் திரும்பி, களைத்ததும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, மறுபடி கிளம்புவீர்கள். குழுவில் நேரத்தைக் கடிகாரம் நிர்ணயிக்கும். குளக்கரையில் நிறுத்தியிருக்கும் பெரிய கடிகாரத்தின் நொடி முள் 60ஐத் தொடும்போது தடத்தின் முதல் ஆள் சுவரை உதைத்துப் புறப்படுவார். ஐந்து நொடி, பத்து நொடி இடைவெளியில் மற்றவர்கள் பின்தொடர்வார்கள். 50 மீட்டர், பிறகு 20 நொடி ஓய்வு. மீண்டும் 50 மீட்டர், மீண்டும் ஓய்வு என்று எட்டு முறை போனால், இடைவிடாமல் நீந்த முடியாத 400 மீட்டரை முறை பிசகாமல் நீந்தி முடித்திருப்பீர்கள். தூரம் பெரிதாகத் தோன்றினாலும் அது சிறு சிறு துண்டுகளாக வருவதால் உடல் தாங்குகிறது. மெதுவாக நீந்துகிறவர்களுக்கென்று தனித் தடம் ஒதுக்கும் குழுவாக இருந்தால் யாருடைய பாதத்தையும் தொட்டுவிடுவோமோ என்ற கூச்சமும் இராது. அப்படித் தனித் தடம் ஒதுக்காத குழுவானால் அங்கே முதல் வாரத்திலேயே நொந்துபோவீர்கள் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

கொண்டோ குளங்கள் பெரும்பாலும் அழகுக்காகக் கட்டப்பட்டவை. வளைந்தும் நெளிந்தும், நீளத்தில் குறைந்தும், நடுவில் குழந்தைகள் பந்து விளையாடிக்கொண்டும் இருக்கும் இடத்தில் கைவீச்சைச் சீராக்க வழியில்லை. பத்து வீச்சுக்குள் சுவர் வந்துவிடும். கோலாலம்பூரில் முழு நீளக் குளங்களுக்குப் பஞ்சமில்லை. 1953இல் திறக்கப்பட்ட சின் வூ அரங்கத்தின் குளம் இருக்கிறது. 1998 காமன்வெல்த் போட்டிகளுக்காகக் கட்டப்பட்ட புக்கிட் ஜாலில் தேசிய நீர்விளையாட்டு மையம் இருக்கிறது. மாநகர் மன்றம் நடத்தும் குளங்களும் உள்ளன. வெறும் 50 மீட்டர் நீளம்தான் உங்களுக்கு வேண்டுமென்றால் நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு போய் நீந்திவிட்டு வரலாம். அதற்கும் குழு தேவையில்லை.

சேருமுன் சில விவரங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் அக்காள் மகனின் அமைப்பில் உறுப்பினர் கட்டணத்திலேயே, அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிகளுக்கான காப்பீடும் அடங்கியிருக்கிறது. இங்கே எல்லாக் குழுக்களுக்கும் அப்படி இருக்கும் என்று எடுத்த எடுப்பில் நம்பிவிடக் கூடாது. பெரியவர்களுக்குப் பயிற்சி தருவோரில் ஒரு பயிற்றுநர் இரண்டு தடங்களை வாடகைக்கு எடுத்துத் தாமே நடத்துகிறவரும் உண்டு, மாநில நீச்சல் சங்கத்தோடு இணைந்து முறையாகப் பதிவுபெற்ற கழகங்களும் உண்டு. மலேசியாவில் விளையாட்டுச் சங்கங்கள் 1997ஆம் ஆண்டின் விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின்படி விளையாட்டு ஆணையரிடம் பதிவு செய்யப்பட வேண்டும். அந்தப் பதிவு இருக்கிறதா, பயிற்சி நேரத்தில் குளத்தில் உயிர்காப்பாளர் இருப்பாரா, பயிற்றுநருக்கு உயிர்காப்புப் பயிற்சி உண்டா, ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர், 150 வெள்ளியில் குளத்தின் நுழைவுக் கட்டணமும் சேர்த்தியா என்று கேளுங்கள். மாதம் எட்டு வகுப்பு என்று வைத்துக்கொண்டால் ஒரு வகுப்புக்கு ஏறக்குறைய 19 வெள்ளி ஆகிறது. நுழைவுக் கட்டணம் தனி என்றால் கணக்கு மாறிவிடும் என்பது கணக்காளரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊர் மாலை மழையையும் மறந்துவிடாதீர்கள். இடி கேட்டவுடன் திறந்தவெளிக் குளத்திலிருந்து எல்லாரையும் வெளியேற்ற வேண்டும், கடைசி இடி கேட்டபின் அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு முறை; ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இதனால் பல வகுப்புகள் ரத்தாகும். அவற்றுக்கு மாற்று வகுப்பு உண்டா என்று முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது.

பதிவுக்கு இன்னொரு பலனும் உண்டு. 2024 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வருமான வரியில் விளையாட்டுச் செலவுகளுக்கென்று 1,000 வெள்ளி வரை தனிக் கழிவு தரப்படுகிறது. விளையாட்டு ஆணையரிடம் பதிவுபெற்ற சங்கமோ நிறுவனச் சட்டப்படி பதிவான நிறுவனமோ வாங்கும் பயிற்சிக் கட்டணமும், விளையாட்டு வசதிகளுக்கான நுழைவுக் கட்டணமும் அதில் அடங்கும். ரசீது தராமல் கையில் காசு வாங்கும் குழுவென்றால் அந்தக் கழிவை மறந்துவிட வேண்டியதுதான்.

ஓராண்டுச் சந்தாவை ஒரேயடியாகக் கட்டிவிடாமல் மூன்று மாதம் சேர்ந்து பாருங்கள். முதல் நாளன்று 25 மீட்டரை ஃபிரீஸ்டைலில் கடக்க எத்தனை கைவீச்சு ஆகிறது என்று எண்ணிக் குறித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து, அதே வேகத்தில், அந்த எண்ணிக்கை குறைந்திருந்தால் ஒவ்வொரு வீச்சும் உங்களை அதிக தூரம் கொண்டுபோகிறது என்று பொருள். உங்கள் துணைவியாரிடம் அந்த இரண்டு எண்களையும் காட்டலாம். குறையவே இல்லை, பயிற்றுநர் கரையில் நின்று கைப்பேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்றால், நன்றி சொல்லிவிட்டு விலகிவிடுங்கள்.

கேள்வி: நான் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர், வயது 63. முழங்கால் தேய்மானத்துக்கு நீச்சல் நல்லது என்று மருத்துவர் சொன்னதால், இளமையில் கற்ற தவளை நீச்சலை மறுபடி தொடங்கினேன். ஆறு மாதமாகியும் வலி குறையவில்லை. வலது முழங்காலின் உட்பக்கம் கூடுதலாகவே வலிக்கிறது. இனிப்பு நீருக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். எங்கள் பகுதியில் மூத்தவர்கள் சிலர் பயிற்றுநர் ஒருவரை வைத்து நீந்துகிறார்கள். இந்த வயதில் அவர்களோடு சேருவது பொருத்தமா?
– பட்டர்வொர்த் வாசகர்

பதில்: மருத்துவர் சொன்னதில் பிழையில்லை, உடல் எடையை நீர் தாங்கிக்கொள்வதால் மூட்டுகளுக்கு ஓய்வு கிடைக்கிறது. ஆனால் தவளை நீச்சலின் உதையில் முழங்காலை மடக்கி, பாதத்தை வெளிப்புறமாகத் திருப்பி, வட்டமாக உதைத்து மூடுகிறோம். அந்த நேரத்தில் முழங்காலின் உட்புறத் தசைநார் பக்கவாட்டில் இழுபடுகிறது. இளம் போட்டியாளர்களுக்கே உட்பக்க முழங்கால் வலியைக் கொண்டுவரும் உதை அது. தேய்ந்த மூட்டோடு அதை நாள்தோறும் செய்தால் வலி குறைய நியாயமில்லை. சில வாரங்களுக்கு அதை அடியோடு நிறுத்திவிட்டு, ஃபிரீஸ்டைலுக்கும் மல்லாந்த நீச்சலுக்கும் மாறிப் பாருங்கள். அவற்றில் உதை இடுப்பிலிருந்து புறப்படுகிறது, முழங்கால் இலேசாகவே மடங்குகிறது. அப்போதும் வலி நீடித்தால் மருத்துவரிடம் ‘நீந்துகிறேன்’ என்று மட்டும் சொல்லாமல், எந்த நீச்சல் என்பதையும் சொல்லுங்கள். நீச்சல் என்றால் எல்லாம் ஒன்று என்று பல மருத்துவர்களும் நினைத்துவிடுகிறார்கள்.

இந்த மாற்றத்தைத் தனியாகச் செய்வது கடினம் என்பதால் உங்களுக்குக் குழு பொருத்தமானதே. 63 வயதில் புதிதாக மல்லாந்த நீச்சல் பழகும்போது அருகில் ஒருவர் நிற்பது தைரியத்தைத் தரும். வயதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஜப்பானில் மியெகோ நகாவோகா என்ற மூதாட்டி, முழங்கால் தொல்லைக்காக 80 வயதுக்குமேல் நீந்தத் தொடங்கி, 2015ஆம் ஆண்டு தம் 100ஆவது வயதில் 1,500 மீட்டர் தூரத்தை 1 மணி 15 நிமிடம் 54 வினாடியில் நீந்தி முடித்தார். அதுவும் முழுத் தூரமும் மல்லாந்த நீச்சலில். அவரைப் போல நீங்களும் சாதனை படைக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை, முழங்கால் வலிக்காரருக்கு மல்லாந்த நீச்சல் எவ்வளவு தூரம் ஒத்துப்போகும் என்பதைக் காட்டவே சொல்கிறேன்.

இனிப்பு நீர் விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். சில மாத்திரைகளும் இன்சுலினும், உடற்பயிற்சியின்போது இரத்தச் சர்க்கரையை அளவுக்குமீறிக் குறைத்துவிடக் கூடும். தரையில் தலைசுற்றினால் உட்கார்ந்துகொள்ளலாம். நீரில் அப்படிச் செய்ய இயலாது. உங்கள் மாத்திரை அந்த வகையைச் சேர்ந்ததா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீந்துமுன் சர்க்கரை அளவைப் பாருங்கள், வெறும் வயிற்றோடு இறங்காதீர்கள், இனிப்புப் பானம் ஒன்றைக் குளக்கரையில் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். முதல் நாளே பயிற்றுநரிடமும் உங்கள் தடத்தில் நீந்துகிறவர்களிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தக் குழுவில் பாதிப் பேர் அதே மாத்திரையைச் சாப்பிடுகிறவர்களாக இருந்தாலும் நான் வியப்படைய மாட்டேன்.

கேள்வி: எனக்கு 38 வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பிள்ளைகளை நீச்சல் வகுப்புக்கு அழைத்துச் சென்று கரையில் காத்திருந்தபோது எனக்கும் ஆசை வந்து, கடந்த ஆண்டுதான் கற்றுக்கொண்டேன். பெரியவர்களுக்கான குழுவில் ஆண்களும் பெண்களும் ஒரே தடத்தில் நீந்துகிறார்கள் என்பதும், நீச்சல் உடையும் எனக்குத் தயக்கமாக இருக்கின்றன. அதற்குப் பதிலாக வசதியான நீச்சல் கிளப் ஒன்றில் குடும்பமாகச் சேர்ந்துவிடலாம் என்கிறார் என் கணவர். எது நல்லது?
– ஆயர் ஈத்தாம் வாசகி

பதில்: உங்கள் கணவர் சொல்லும் கிளப்பும் நீங்கள் சொல்லும் குழுவும் வெவ்வேறு தேவைகளுக்கானவை. தஞ்சோங் பூங்கா பகுதியில் 1903இல் தொடங்கிய பினாங்கு நீச்சல் கிளப், 1928இல் தொடங்கிய சீனர் நீச்சல் கிளப் போன்றவை குளம், உணவகம், கடற்கரைக் காட்சி என்று குடும்பத்தோடு பொழுதைக் கழிக்க ஏற்ற இடங்கள். அவற்றின் கட்டணமும் அதற்கேற்பவே இருக்கும். பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாட வேண்டும் என்றால் அது நல்ல ஏற்பாடு. உங்கள் நீச்சல் தேற வேண்டும் என்றால், கிளப்பில் சேர்ந்தாலும் அங்கே பெரியவர்களுக்கான பயிற்சி வகுப்பு இருக்கிறதா என்று தனியாகக் கேட்டாக வேண்டும். ஓராண்டுக்கு முன்பு கற்றுக்கொண்ட நீச்சலைப் பயிற்சியின்றி விட்டுவிட்டால் மெல்ல மெல்லக் கையைவிட்டுப் போய்விடும் என்பதால், நான் முதலில் குழுவையே தேர்ந்தெடுப்பேன்.

உடை பற்றிய தயக்கம் நீங்கள் நினைப்பதைவிட எளிதில் தீரக்கூடியது. முழங்கை வரை கையும் முழங்கால் வரை காலும் உள்ள நீச்சல் உடைகள், உடல் முழுவதையும் மூடுகிற உடைகள் எல்லாம் இங்கே கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. நம் நாட்டுக் குளங்களில் அவை பழகிப்போன காட்சி. பருத்திச் சட்டையோடு இறங்குவதை மட்டும் தவிருங்கள். நீரில் ஊறினால் கனத்துக் கையை இழுக்கும், நூல் பிசிறுகள் வடிகட்டியை அடைக்கும் என்பதால் பல குளங்களில் அனுமதிக்கவும் மாட்டார்கள். பார்வையைப் பற்றிய கவலைக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: வரிசையாக நீந்தும் தடத்தில் எல்லாருக்கும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும், கண் கடிகாரத்தின் மேல் இருக்கும், நீச்சல் கண்ணாடியும் ஆவி படிந்து மங்கியிருக்கும். இருந்தாலும் உங்களுக்கு ஒப்பவில்லை என்றால், பெண் பயிற்றுநர் இருக்கிறாரா, பெண்கள் சேர்ந்து நீந்தத் தனித் தடம் தர முடியுமா என்று கேளுங்கள். நாலைந்து பெண்கள் சேர்ந்து கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளன்று குளத்துக்குப் போக வேண்டாம். எண்ணெய் நீரில் கலந்தால் அதைச் சுத்திகரிப்பது சிரமம். மற்ற நாட்களில் கூந்தலை நல்ல தண்ணீரில் முதலில் நனைத்துவிட்டுத் தொப்பி அணியுங்கள். ஏற்கெனவே ஊறிய முடி குளோரின் நீரைக் குறைவாகவே உறிஞ்சும். தாலிச் சங்கிலி நீளமாக இருந்தால் கைவீச்சில் சிக்கும். அதைக் கழற்ற மனமில்லாத பெண்கள் உடைக்குள் வைத்து ஊசி குத்திக்கொள்கிறார்கள். கழுத்தை ஒட்டிய உடையாக இருந்தால் இன்னும் வசதி.

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. அவனையும் பெரியவர்களுக்கான ‘மாஸ்டர்ஸ்’ நீச்சல் குழுவில் சேர்க்கலாமா?
– கெப்போங் வாசகர்

பதில்: பயிற்சிக்குச் சேர்க்கலாம், குழு ஏற்றுக்கொண்டால். ஆனால் முன்பு ஃபினா என்றழைக்கப்பட்ட வேர்ல்ட் அக்வாட்டிக்ஸ் அமைப்பின் விதிப்படி மாஸ்டர்ஸ் நீச்சல் போட்டிகளுக்குக் குறைந்த வயது 25. அமெரிக்காவின் 18 வயது கணக்கு அவர்களுடைய உள்நாட்டு ஏற்பாடு.

கேள்வி: உடல்நலத்துக்காக என்று ஒரு குழுவில் சேர்ந்து ஓராண்டாக நீந்துகிறேன், வயது 58. இப்போது நால்வர் ஒருவர்பின் ஒருவராக நீந்தும் தொடர் நீச்சலுக்கு ஆள் குறைகிறது என்று சொல்லி என்னையும் போட்டிக்கு அழைக்கிறார்கள். எனக்கு மேடையிலிருந்து பாயத் தெரியாது. எல்லாருக்கும் கடைசியாக வந்து நிற்பேனோ என்ற அச்சமும் இருக்கிறது. மறுத்தால் தவறாக நினைப்பார்களா?
– பிரிக்பீல்ட்ஸ் வாசகர்

பதில்: விருப்பமில்லை என்றால் மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, அதற்காக முகம் சுளிக்கிற குழுவில் இருப்பதில் அர்த்தமில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் இரண்டு காரணங்களும் மாஸ்டர்ஸ் போட்டிக்குப் பொருந்தாதவை என்பதால், விதிகளைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். இந்தப் போட்டிகளில் மேடையிலிருந்துதான் பாய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குளத்தின் கரையில் நின்று குதிக்கலாம். நீருக்குள் இறங்கி, சுவரை உதைத்துக்கொண்டும் புறப்படலாம். பட்டர்ஃபிளை நீச்சலில் தவளை நீச்சல் உதையைப் பயன்படுத்தவும் இங்கே அனுமதி உண்டு. மூத்தவர்களின் உடலை மனத்தில் வைத்தே இந்தச் சலுகைகள் எழுதப்பட்டிருக்கின்றன.

வயது ஐந்தைந்து ஆண்டுப் பிரிவுகளாகப் பிரிக்கப்படுகிறது. போட்டி நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31ஆம் தேதி உங்களுக்கு என்ன வயதோ அதுவே கணக்கு. ஆகவே 30 வயதுக்காரர் உங்கள் பக்கத்துத் தடத்தில் நீந்தினாலும் அவரோடு உங்களை ஒப்பிட மாட்டார்கள். தொடர் நீச்சலில் நால்வரின் வயதையும் கூட்டிப் பிரிவு பார்க்கிறார்கள்: 63, 58, 47, 35 என்று நால்வர் இருந்தால் கூட்டுத்தொகை 203, அவர்கள் 200 முதல் 239 வரையிலான பிரிவில் போட்டியிடுவார்கள். வயதானவரைச் சேர்க்கச் சேர்க்கக் குழு மேற்பிரிவுக்குப் போகும் என்பதால் உங்கள் 58 அவர்களுக்கு ஒரு சொத்து. அழைப்பில் கொஞ்சம் சுயநலமும் இருக்கத்தான் செய்கிறது.

உலகப் போட்டிகளிலும் ஆட்கள் நாட்டின் பெயரால் நீந்துவதில்லை, கழகத்தின் பெயராலேயே நீந்துகிறார்கள். 2025ஆம் ஆண்டு சிங்கப்பூரில் உலக மாஸ்டர்ஸ் போட்டி நடைபெற்றபோதும் அதே விதிதான். கழகத்தில் உறுப்பினராக இல்லாத ஒருவர், எவ்வளவு நன்றாக நீந்தினாலும், விண்ணப்பிக்கவே முடியாது. நீங்கள் ஏற்கெனவே உறுப்பினர் என்பதால் அந்தக் கதவு உங்களுக்குத் திறந்தே இருக்கிறது.

கடைசியாக வருவதைப் பற்றி: விண்ணப்பத்தில் ஒவ்வொருவரும் தாம் எதிர்பார்க்கும் நேரத்தைக் குறிப்பிட வேண்டும், அதைக்கொண்டுதான் ஏறத்தாழ ஒரே வேகத்தில் நீந்துகிறவர்களை ஒரே சுற்றில் சேர்க்கிறார்கள். சிலர் கூச்சத்தால் தம் உண்மையான நேரத்தைவிடக் குறைவாக எழுதிவிட்டு, வேகமானவர்கள் நடுவே மாட்டிக்கொண்டு, பிறகு அவமானப்பட்டதாகப் புலம்புவார்கள். பயிற்சியின்போது கடிகாரத்தைப் பார்த்து 50 மீட்டருக்கு உங்களுக்கு ஆகும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதையே ஒரு நொடிகூடக் கூட்டாமல் குறைக்காமல் எழுதிக் கொடுங்கள். உங்கள் வேகத்தில் நீந்துகிற ஏழெட்டுப் பேரோடு ஒரே சுற்றில் நீந்துவீர்கள். முதல் முறைக்கு ஒரு தனிப் போட்டியும் அந்தத் தொடர் நீச்சலும் போதும். நாலைந்து போட்டிகளில் பெயரைக் கொடுத்துவிட்டு நாள் முழுவதும் வெயிலில் காத்திருக்க வேண்டாம்.